கூடி வராத சவுக்காரம்

குழம்பில் உப்பு மிகுந்தால் முதற்கவளத்திலேயே தெரிந்துவிடும். பாவில் இழை அறுந்தால் தறியிலேயே கண்ணில் பட்டுவிடும். சவுக்காரம் காய்ச்சுகிறவனுக்கோ, கொப்பரையில் எல்லாம் செவ்வனே இருப்பதாகத் தோன்றி, பாகு திரண்டு, அச்சில் வார்த்துக் கோணியால் போர்த்திவிட்டு உறங்கப் போன பிறகு, மறுநாள் விடியற்காலையில் கோணியை விலக்கும்போதுதான் தன் கைவேலையின் யோக்கியதை இன்னதென்று விளங்கும். ஒரு நாள் மேலே எண்ணெய் மிதக்கும். ஒரு நாள் கட்டி கையிலெடுத்தவுடன் உதிரும். இன்னொரு நாள் பார்வைக்கு வெண்மையாய் நிற்கும் கட்டியே நாவில் பட்டதும் சுரீரென்று சுடும். இப்படிப் பழுதாய்ப் போன ஈடுகளைப் பற்றி எழுதுவார் குறைவு. வெற்றி கண்ட ஆலைகளைப் பற்றியும் மணமுள்ள சோப்புகளைப் பற்றியுமே எழுதுவார்கள். ஆனால் இத்தொழிலின் சரித்திரத்தைச் சற்றே கூர்ந்து நோக்கினால், கூடி வராத ஈட்டைக் கீழே கொட்டிவிடாமல், அது ஏன் கூடவில்லை என்று மனிதன் பொறுமையோடு விசாரித்து அறிந்த சரித்திரமே அது என்பது எனது தீர்மானமான அபிப்பிராயம்.

நம் நாட்டில் அழுக்கு நீக்கும் வித்தை புராதனமானது. சவுக்காரக் கட்டிதான் பிற்காலத்தில் வந்தது. உவர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் புலைத்தி துவைத்து வெளுத்த வெள்ளாடையைப் பற்றிப் புறநானூற்றுப் பாட்டொன்று பேசுகிறது. நிலத்தில் பூத்த உவரே அங்கே காரத்தின் வேலையைச் செய்தது. அந்த உவர்மண்ணைக் கரைத்துத் துணியைத் தோய்த்து வெள்ளாவியில் ஏற்றி வேகவைக்கும் முறையை வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய்க் காப்பாற்றி வந்தன. உடம்புக்குக் கடலை மாவும் பயற்றம் மாவும், தலைக்குச் சீயக்காயும் அரப்பும், பட்டுக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டையும் இருந்தபடியால், எண்ணெயையும் காரத்தையும் கலந்து காய்ச்சிக் கட்டியாக்கும் அவசியம் நமக்கு நெடுங்காலம் ஏற்படவில்லை. உவர்க் காரத்துக்கு வழங்கிய பெயரையே பின்னால் வந்த கட்டிக்கும் சூட்டி ‘சவுக்காரம்’ என்று நாம் வழங்கினோம். யாழ்ப்பாணத்தார் இன்றும் சவர்க்காரம் என்றே சொல்கிறார்கள்.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் இரண்டுமல்லாத மூன்றாவது வஸ்து ஒன்று பிறக்கிறது என்பதை மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாட்டார் முன்னமே கண்டுகொண்டார்கள். சிரியாவின் அலெப்போவிலும், பாலஸ்தீனத்தின் நாப்ளூசிலும், பிரான்சு தேசத்தின் மார்செய்லிலும் ஒலிவ எண்ணெயே மூலப்பொருள். உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலே காரம். ஆனால் சாம்பலைக் கரைத்த நீர் மட்டும் எண்ணெயைச் சவுக்காரமாக மாற்றுவதில்லை. அதிலுள்ளது நாம் சலவைச் சோடா என்று சொல்லும் சாதுவான உப்பு. புதிதாய்ச் சுட்ட சுண்ணாம்பை நீற்றி அதோடு சேர்க்கும்போது, சோடாவிலுள்ள கரிவாயுவைச் சுண்ணாம்பு தனக்கு எடுத்துக்கொண்டு அடியில் படிய, மேலே தெளிந்து நிற்பதுதான் தோலை அரிக்கும் வீரியமுள்ள காரநீர். இந்த ஒரு காரியத்தில்தான் முற்காலத்து ஈடுகளிற் பெரும்பகுதி பழுதாயிற்று. செடிக்குச் செடி சாம்பலின் வீரியம் வேறு. சுண்ணாம்பு பழையதாகிக் காற்றுப்பட்டுச் செத்துப் போயிருந்தால், எத்தனை நாள் கொதிக்க வைத்தாலும் எண்ணெய் எண்ணெயாகவே நிற்கும்.

தராசும் அளவுக் குழாயும் கொண்டு காரத்தின் வீரியத்தை அளந்தறியாத அந்தக் காலத்தில் காரநீரைச் சோதிக்கக் கையிலிருந்ததைக் கொண்டே வழி கண்டார்கள். அமெரிக்காவில் குடியேறி மரச்சாம்பலில் காரநீர் வடித்த குடியானவப் பெண்கள், ஒரு முட்டையை அதில் மிதக்கவிட்டு, அதன் மேற்புறம் காசளவு வெளியே தெரிந்தால் பதம் என்றும், மூழ்கினால் நீர் மெலிவு என்றும் கொண்டார்கள். கோழியிறகைத் தோய்த்து அது கரைகிறதா என்றும் பார்த்தார்கள். எல்லாம் சரியாயிருந்தும் ஈடு கூடாமற் போனால், பிறையின் மேல் பழி போட்டார்கள். துடுப்பை ஒரே திசையில் சுற்றவில்லை என்று வருந்தினார்கள். இதைக் கண்டு ஏளனம் செய்வதற்கில்லை. நம்முடைய சித்த மருத்துவர்களும் உவர்நிலத்திலே பூக்கும் பூநீற்றைப் பௌர்ணமி நோக்கிச் சேகரித்தவர்களே. காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காலத்தைக் காரணமாக்குவது, காரணம் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று நம்புகிற மனத்தின் இயல்பு; அந்த நம்பிக்கையிலிருந்துதான் பின்னால் சாஸ்திரமும் பிறந்தது.

பழுதைத் தடுக்க அரசாங்கமே சட்டம் இயற்றியதும் உண்டு. 1688-ஆம் வருஷத்தில், பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் பிறந்த ஆணை ஒன்று, மார்செய்ல் முதலிய இடங்களில் சவுக்காரம் காய்ச்சுவோர் ஒலிவ எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பு எதையும் கலக்கலாகாது என்றும், ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காய்ச்சவே கூடாது என்றும் விதித்தது. கோடையின் வெப்பத்தில் சரக்கு கெடுகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. மார்செய்ல்காரர்களின் இன்னொரு பாடம் அதனினும் பெரிது. பெரிய கொப்பரையில் நாட்கணக்காய்க் கொதிக்க வைத்து, உப்பைத் தூவினால், சவுக்காரம் தயிர்போலத் திரண்டு மேலே எழும்; மிகுந்த காரமும் அழுக்கும் உப்புநீரோடு அடியில் தங்கும். அந்த நீரை வடித்துவிட்டு, புதுக் காரநீர் விட்டு மறுபடியும் காய்ச்சுவார்கள்; பிறகு மறுபடியும் உப்பிடுவார்கள். அளவு தெரியாத காலத்தில், மிகுந்ததைக் கழிக்கவும் குறைந்ததைச் சேர்க்கவும் இந்த உப்பிடுதல் இடம் கொடுத்தது. மண்பாண்டம் சூளையில் வெடித்தால் வெடித்ததுதான். சவுக்காரமோ தன் பிழையைத் திருத்திக்கொள்ள எத்தனை தரம் வேண்டுமானாலும் கொப்பரைக்குத் திரும்பி வரும்.

சாம்பலின் ஆதிக்கத்திலிருந்து தொழிலை விடுவித்தவர் நிக்கோலா லெப்ளாங்க். கடலுப்பிலிருந்தே சோடா செய்யும் முறைக்கு 1791-இல் அவர் உரிமைச் சாசனம் பெற்றார்; பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஆலை பறிபோயிற்று; வறுமையும் மனவேதனையும் மேலிட்டு 1806-இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவர் வகுத்த வழியில் பிறர் செல்வம் குவித்தார்கள். காரத்தின் மர்மம் அவிழ்ந்த பிறகும் எண்ணெயின் மர்மம் எஞ்சியிருந்தது. சவுக்காரத்தை அமிலத்தால் உடைத்துப் பார்த்து, கொழுப்பு என்பது பலவகைக் கொழுப்பமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த கூட்டு என்று நிரூபித்தவர், நூற்றிரண்டு பிராயம் வரை வாழ்ந்த மிஷேல் செவ்ருல் என்னும் மகான். தம் ஆராய்ச்சிகளை 1823-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் எண்ணெயும் தன்னை முழுதும் சவுக்காரமாக்கிக்கொள்ள எவ்வளவு காரம் கேட்கிறது என்பதை எண்ணாக அளக்கும் முறையை 1879-இல் கெட்ஸ்டார்ஃபர் என்ற ரசாயனி வகுத்துக் கொடுத்தார்.

இந்த எண்ணின் மகிமையை நம் எண்ணெய்களைக் கொண்டே காட்டலாம். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே எடையுள்ள கடலை எண்ணெய்க்கு 136 கிராம் போதும். ஆமணக்கெண்ணெய்க்கு 128 கிராம். தேங்காயெண்ணெய்க்கு என்று எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு, விலை மலிவென்று கடலை எண்ணெயை ஊற்றிக் காய்ச்சுகிறவன், கிலோவுக்கு 47 கிராம் காரத்தைச் சேர வழியில்லாமல் கட்டிக்குள் அடைத்து விடுகிறான். அந்தக் கட்டி நொறுங்குவதும் கையைச் சுடுவதும் அதனால்தான். கடலை எண்ணெயின் கணக்கில் தேங்காயெண்ணெயைக் காய்ச்சினாலோ, காரம் போதாமல் எண்ணெய் வியர்த்து வழியும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு எண்ணெய்களுக்குள் இவ்வளவு பேதம் இருக்கும் என்று கைப்பழக்கம் மட்டும் உள்ளவனுக்கு யார் சொல்வார்?

அதைச் சொல்லிக் கொடுக்கும் ஸ்தாபனம் ஒன்று பழைய சென்னை ராஜதானியிலேயே தோன்றியது. லீவர் கம்பெனியாரின் சன்லைட் கட்டிகள் 1888 முதல் கப்பலேறி வந்துகொண்டிருந்த தேசத்தில், மேற்குக் கரையின் மத்தி மீன் எண்ணெயும் தேங்காயெண்ணெயும் வீணாவானேன் என்று சிந்தித்தவர், ராஜதானியின் மீன்வளத் துறையை நிர்மாணித்த சர் பிரெடெரிக் நிக்கல்சன். அவர் முயற்சியை ஒட்டி 1914-இல் கோழிக்கோட்டில் அரசாங்கச் சவுக்காரச் சாலை உதயமாகி, கேரள சோப்பு இன்ஸ்டிட்யூட் என்று பெயர் பெற்றது. அடுத்து, ஐரோப்பிய யுத்தத்தால் சந்தனக் கட்டையின் ஏற்றுமதி தடைப்படவே, மைசூர் சமஸ்தானம் 1916-இல் சந்தன எண்ணெய் ஆலையையும், இரண்டே வருஷத்தில் சந்தன சோப்பையும் கண்டது. 1917-இல் தோன்றிய டாட்டா எண்ணெய் ஆலைக் கம்பெனி எர்ணாகுளத்தருகே தேங்காயெண்ணெய்த் தொழிலில் இறங்கியது. தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் உப்புநீரிலும் நுரைக்கும் குணமுடையது. ஆகையால் கடலை எண்ணெய்ச் சவுக்காரத்துக்குப் போடுகிற அளவு உப்பைத் தூவிவிட்டு அது திரளும் என்று காத்திருந்தால் திரளாது. வேறு தேசத்துப் புத்தகத்தை வரிக்கு வரி பின்பற்றினால் நம் எண்ணெய் கூடி வராது. அதற்குரிய பக்குவத்தை இங்கேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1934-இல் காந்தியடிகளின் ஆதரவில் வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றிய பின்னும், 1957-இல் கதர் கிராமத் தொழில் கமிஷன் அமைந்த பின்னும், உண்ணத் தகாத வேம்பு, புங்கம், இலுப்பை எண்ணெய்களிலிருந்து சவுக்காரம் செய்யும் பிரயத்தனம் வலுப்பெற்றது. சாப்பாட்டு எண்ணெயை அழுக்குக்குச் செலவிடாமல் காக்கும் புண்ணிய காரியம் அது. ஆனால் அந்த எண்ணெய்கள் எளிதில் வசப்படுவன அல்ல. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த விதையை ஆட்டினால் எண்ணெயிலே புளிப்பேறிவிடும். அத்தகைய எண்ணெய் காரநீரைக் கண்ட மாத்திரத்தில் துடுப்பை அசைக்கவொட்டாமல் கட்டிகட்டியாய்த் திரண்டு, உள்ளே கலவாத காரத்தையும் எண்ணெயையும் சிறைபிடித்துக்கொள்ளும். புளித்த எண்ணெயில் செய்த கட்டி சில மாதங்களில் துருநிறப் புள்ளி கண்டு சிக்கு நாற்றமெடுக்கும். இவற்றுக்கெல்லாம் மருந்து கொப்பரையிலில்லை. விதையை உலர்த்தும் களத்தில் இருக்கிறது.

இனி, நான் கண்ணாரக் கண்ட ஓர் ஈட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் யுத்த காலத்தில், கடையில் சோப்பு கிடைப்பது அருமையாயிருந்த ஒரு வருஷம், என் தாய்மாமன் எங்கள் வீட்டுக் கொல்லையில் கல்லடுப்புக் கூட்டி, இரண்டு வீசைக் கடலை எண்ணெயை இரும்புக் கடாயில் ஊற்றி, காஸ்டிக் சோடாவைத் தட்டான் தராசில் நிறுத்துக் கரைத்து, மெல்லிய தாரையாய் விட்டுக் கிளறினார். கணக்கில் குறைவில்லை, கிளறியதிலும் சோம்பலில்லை. ஆயினும் மறுநாள் பலகைப் பெட்டியைத் திறந்தபோது, மேலே விரற்கடை ஆழத்துக்கு எண்ணெய் நின்றது. அடியில் கூழ்போல ஏதோ கிடந்தது. அத்தை கண்ணேறு என்றாள். பாட்டி, அஷ்டமியன்று அடுப்பு மூட்டினால் இப்படித்தான் என்றாள். மாமா ஒன்றும் பேசாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த யுத்த காலத்தில் இரண்டு வீசை எண்ணெய் என்பது சின்ன நஷ்டமல்ல.

பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ரசாயனம் போதித்த உபாத்தியாயர் ஒருவர் மாலையில் வந்தார். கூழில் ஒரு துளியை நுனிநாவில் வைத்துப் பார்த்துத் துப்பினார். “சுடவில்லையே, காரம் எங்கே போயிற்று?” என்று கேட்டவர், “சோடா டப்பாவைக் கொண்டு வாருங்கள், மாப்பிள்ளை” என்றார். டப்பா வந்தது. மூடி சரியாய்ப் பொருந்தாமல் ஐப்பசி மழை முழுதும் தாழ்வாரத்திலிருந்த டப்பா அது. உள்ளேயிருந்த துண்டுகள் ஓரத்தில் கசிந்து, மேலே மாவுபோல வெளுத்திருந்தன. அந்த வெளுப்பை விரலால் தடவிக் காட்டி அவர் விளக்கியது இன்றும் என் காதில் இருக்கிறது: காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கரிவாயுவையும் உறிஞ்சி, மறுபடியும் சாதுவான சலவைச் சோடாவாக மாறிவிடும்; அப்படி மாறும்போது எடை கூடும், வீரியம் குறையும்; ஆகவே தராசு நிஜம் சொன்னாலும், தட்டில் இருந்தது வேறு பண்டம். மார்செய்லில் செத்துப்போன சுண்ணாம்பால் கெட்ட அதே ஈடுதான் எங்கள் கொல்லையிலும் கெட்டது என்பதைப் பல வருஷங்கள் கழித்து நான் படித்தறிந்தபோது வியந்தேன். சுண்ணாம்பு கொடுத்த வீரியத்தைக் காற்று திரும்ப வாங்கிக்கொள்கிறது. சவுக்காரம் காய்ச்சுகிறவன் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறான்.

மருந்தும் பழைய மருந்தே. காளவாயிலிருந்து அன்றைக்கே எடுத்த கிளிஞ்சற் சுண்ணாம்பை நீற்றி, டப்பாவில் எஞ்சியிருந்த சோடாவை நிறையத் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் சேர்த்துக் காய்ச்சித் தெளியவைத்தார்கள். விடியும்வரை அசையாமல் வைத்து, மேல்நீரை மட்டும் மெதுவாய் இறுத்து, பழுதான ஈட்டைக் கடாயில் திரும்பப் போட்டு, அந்தக் காரநீரைச் சிறுகச் சிறுக வார்த்துக் கொதிக்க வைத்தார்கள். முதல் நாழிகையில் ஒரு மாறுதலும் இல்லை. பிறகு ஓரத்தில் சளசளவென்றிருந்தது இழுபட ஆரம்பித்தது. துடுப்பைத் தூக்கினால் நாடாப்போல விழுந்தது. எண்ணெய்க் கண் ஒன்று கூட மேலே இல்லை. கைநிறைய உப்பைத் தூவியபோது, கடாய் முழுதும் வெண்தயிராய்த் திரண்டு எழுந்ததைப் பார்த்து அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உப்புநீரை வடித்து, திரண்டதை அச்சில் வார்த்து, மூன்று வாரம் நிழலில் உலர்த்திய கட்டிகள் அந்த வருஷம் பொங்கல் வரை எங்கள் வீட்டுக்கும் அண்டை வீடுகளுக்கும் காணும்படி இருந்தன.

இக்காலத்தில் வீட்டிலேயே சோப்பு செய்ய விரும்பும் பெண்களும் இளைஞர்களும் பெருகி வருகிறார்கள். நுண்தராசு சுலபமாய்க் கிடைக்கிறது. எண்ணெய்களின் எண்கள் அச்சில் இருக்கின்றன. அவர்களுடைய முதல் ஈடு பழுதானால், அது வெட்கப்பட வேண்டிய காரியமன்று; கையுறை போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காரியம். மேலே பூத்த வெண்தூள் காற்றுப்பட்ட சோடா, சுரண்டினால் போய்விடும். உள்ளே வெள்ளைக் கல்லாய் உறைந்திருப்பது கரையாத காரம், அதைத் தொடலாகாது. எண்ணெய் நின்றால் காரம் குறைவு, அல்லது கிளறல் குறைவு. அலுமினியப் பாத்திரம் கறுத்துக் குமிழியிட்டால் காரம் எண்ணெயை விட்டுப் பாத்திரத்தையே தின்கிறது என்று பொருள். என் மாமா அதற்குப் பிறகு பத்து வருஷம் சவுக்காரம் காய்ச்சினார். புது டப்பா வந்த அன்றே அதன் மூடியைச் சுற்றி மெழுகுத்துணி கட்டுவது அவர் வழக்கம். கட்டி முடித்து, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பின்புதான் தராசைக் கையில் எடுப்பார்.