எதிரே நின்றவரின் கை

நான் அறுவை கற்ற காலத்தில் ஆசிரியர் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பார். என் கத்தி தவறான பக்கம் நகர்ந்தால் பேசமாட்டார். அவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சி அது. ஆண்டுக்கணக்கில் உடனிருந்து, பொறுப்பைப் படிப்படியாக ஏற்க வேண்டும். அந்த முறையின் உயிரே எதிரே நிற்பவரின் கைதான்.

2000 ஜூலையில் டா வின்சி என்ற ரோபோ அறுவைக் கருவிக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தபோது, அந்தக் கைக்கு இடமில்லாமல் போயிற்று. சர்ஜன் நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, கருவியை இயக்கும் கன்சோலுக்குள் முகம் புதைத்து உட்கார்ந்தார். இருந்தது ஒரே கன்சோல். கற்பவர் திணறினால் அவர் எழுந்து, ஆசிரியர் உட்கார வேண்டும். ரத்தம் கசியும்போது அந்த நேரம் எவ்வளவு நீளமானது என்பது தியேட்டரில் நின்றவர்களுக்குத் தெரியும். அன்றைய கருவியில் தொடு உணர்வும் இருக்கவில்லை. நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பதை, திசு வெளுக்கிறதா, நூல் விறைக்கிறதா என்று பார்த்தே அறிய வேண்டியிருந்தது. விரல் அறிந்ததையெல்லாம் கண்ணுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் பாடமாக இருந்தது. முப்பது வருட அனுபவசாலிகூட அங்கே முதல் நாள் நூலை அறுத்துவிடக்கூடும்.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. சிறு துளைகள் வழியே செய்யும் லாப்ராஸ்கோபியில் பித்தப்பை எடுப்பது 1980களின் கடைசியில் பரவியபோது, வாரக்கடைசி வகுப்பு முடித்துவிட்டுத் திங்கட்கிழமை தியேட்டருக்குள் போனவர்கள் இருந்தார்கள். பித்தநாளங்கள் வெட்டுப்பட்டன. 1992இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை தலையிட்டு, மேற்பார்வையில் 15 அறுவைகள் செய்தபிறகே தனியாகச் செய்யலாம் என்று வழிகாட்டியது. அந்தப் பாடம் ரோபோவோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. கருவி விற்றவர்களே வகுப்பு எடுத்தார்கள், பன்றிகள்மேல் பழக்கினார்கள். பிறகு நிபுணர் ஒருவர் உடனிருக்க ஓரிரு கேஸ்கள். அதற்குமேல் எத்தனை வேண்டும் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தானே முடிவு செய்துகொண்டது.

டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் வேறு மாதிரி நடந்தது. புதுச்சேரி ஜிப்மரில் படித்த மணி மேனன் அங்கே திறந்த அறுவையில் பேர்பெற்றவர். புராஸ்டேட் புற்றுநோய்க்கு லாப்ராஸ்கோபி கற்க, பாரிஸிலிருந்து கீ வலான்சியேன், பெர்த்ரான் கியோனோ இருவரையும் தம் தியேட்டருக்கே வரவழைத்தார். அந்த அடித்தளத்தின் மேல்தான் ரோபோவுக்குப் போனார். பெயர்பெற்றபிறகும் இன்னொருவர் முன் மாணவராக நிற்க முன்வந்த அந்த மனம் எனக்குக் கருவியைவிடப் பெரிதாகப் படுகிறது.

2009இல் இரட்டைக் கன்சோல் வந்தது. இருவரும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். ஆசிரியர் கருவிகளை நொடியில் தன்வசம் வாங்கலாம், திருப்பித் தரலாம். கை திரும்பி வந்தது, மேசைக்கு எதிரே இல்லாவிட்டாலும்.

எதைக் கற்பிப்பது என்ற கேள்விக்குப் பதில் தேடியவர் ரிச்சர்ட் சதாவா. ராணுவ சர்ஜன், போர்க்களத்துக் காயங்களைத் தொலைவிலிருந்தே அறுவை செய்யும் ஆய்வுகளுக்கு 1990களில் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பாவில் வழிவகுத்தவர். அவரும் ரோஜர் ஸ்மித், விபுல் படேல் இருவரும் 2011இன் கடைசியில் பல துறை நிபுணர்களைக் கூட்டத் தொடங்கினார்கள். கற்பவர் கைக்கொள்ள வேண்டியவை என்று 25 திறன்கள் தேர்வாயின. முடிச்சு, நுண்வெட்டு மட்டுமல்ல, கருவியைப் பொருத்துவது, குழுவோடு பேசுவது எல்லாம் அதில் உண்டு. கன்சோலுக்குள் முகம் புதைத்தவருக்கு நர்ஸின் முகம் தெரியாது. சொன்னதை அவர் திருப்பிச் சொன்னால்தான் கேட்டது உறுதி. கேஸ்களை எண்ணிச் சான்றிதழ் தருவதை விட்டு, தேர்ந்தவர்கள் எட்டும் அளவை எட்டும்வரை பழக வேண்டும் என்பது இந்தப் பாடத்திட்டத்தின் அடிப்படை.

இருந்தும் 2015இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், அந்நாட்டின் முதல் ரோபோ இதய மிட்ரல் வால்வு அறுவையில், வழிகாட்ட வந்த நிபுணர்கள் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். நோயாளி சில நாளில் இறந்தார். புதிய தொழில்நுட்பத்தில் சர்ஜன்களின் பயிற்சிக்கு அளவுகோலே இல்லை என்று 2018இல் மரண விசாரணை அதிகாரி கவலை தெரிவித்தார்.

கருவி வாங்கும் மருத்துவமனைகளிடம் நான் கேட்பது இதுதான்: இரண்டாவது கன்சோலையும், கடைசித் தையல்வரை அதில் உட்காரப்போகும் ஆசிரியரின் சம்பளத்தையும் முதல் விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.