மறைத்து வைத்த படங்களும் மறந்துபோன பெயர்களும்

ஒரு காலத்தின் வரலாற்றை அக்காலத்தார் போற்றி வைத்தவற்றைக் கொண்டு எழுதுவதே மரபு. கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் அவ்வாறு போற்றப்பட்டவை. ஆனால், மக்கள் ஆசையோடு வாங்கி, வெட்கத்தோடு மறைத்து, முடிவில் எடைக்குப் போட்ட தாள்களும் உண்டு. நாட்டியப் பெண்களின் படம் பொறித்த அஞ்சலட்டைகள், நடிகையரின் கவர்ச்சிப் படங்கள், திரையிதழ்களின் நடுப்பக்கங்கள் ஆகியவை அத்தகையன. இவற்றைத் தேடிச் சேர்த்தோர் காத்தவை எவை, அவர்கள் கைக்கும் எட்டாமல் போனவை எவை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய வட்ட மலரில் இத்தகைய ஆய்வு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பாதாதிகேசம், கேசாதிபாதம் என உருவத்தை அடிமுதல் முடிவரையும் முடிமுதல் அடிவரையும் பாடுவதற்குத் தனிச் சிற்றிலக்கிய வகைகளையே வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. ஏட்டில் இருந்தவரை அவ்வருணனையை இலக்கியம் என்றோம். பெண்ணுருவம் அச்சுத்தாளுக்கு வந்தபோது குப்பை என்று ஒதுக்கிவிட்டோம். இம்மாற்றமே ஆராயத்தக்கது.

இங்கிலாந்தின் சட்டைப்பை இதழ்கள்

கவர்ச்சிப் படங்களைச் சேர்ப்பது ஒரு தனித்துறையாகவே வளர்ந்த நாடு இங்கிலாந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே 'ஸ்பிக்' (1953), 'ஸ்பான்' (1954) என்னும் சிற்றிதழ்கள் தோன்றின. அவை சட்டைப்பையில் அடங்கும் அளவின. 1957 இல் ஹாரிசன் மார்க்ஸ் என்னும் புகைப்படக் கலைஞரும் பமீலா கிரீன் என்னும் பெண்மணியும் 'கமேரா' இதழைத் தொடங்கினர். சட்டத்துக்கு அஞ்சிப் படங்களின் சில பகுதிகளைத் தூரிகையால் மழுக்கி அச்சிட்ட காலம் அது. அன்று மறைத்துப் படித்த அவ்விதழ்களை இன்று வரலாற்று ஆவணங்களாகத் தேடிச் சேர்ப்போர் உளர்.

நூலகங்களும் இவ்வெட்கத்துக்கு விலக்கல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் பாலியல் சார்ந்த நூல்களுக்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு தனி அடுக்கை அமைத்தது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அந்நூல்கள் பொதுப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. நூல் உண்டு, ஆனால் இருப்பதாகச் சொல்லமாட்டார்கள்.

இவ்வரலாற்றில் பமீலா கிரீனின் இடம் தனித்தது. அவர் செயின்ட் மார்ட்டின் ஓவியப் பள்ளியில் பயின்றவர். படிப்புச் செலவுக்காக மாதிரியாக நிற்கத் தொடங்கியவர். பின்னர் இதழ்த் தொழிலில் பங்காளியாகவே உயர்ந்தார். 1960 இல் 'பீப்பிங் டாம்' திரைப்படத்தில் நடித்தார். 2010 இல் மறைவதற்கு முன் தம் தொழில் வாழ்வைத் தாமே எடுத்துரைத்தார். படத்தில் இருந்த பெண்ணுக்குப் பெயரும் குரலும் ஒருங்கே வாய்த்தது அரிது. அவரைப் போன்று நின்ற பலருக்கு அது வாய்க்கவில்லை.

சென்னையின் அஞ்சலட்டைகள்

அதே ஆங்கிலேயரின் கண், அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் நாட்டுப் பெண்கள் மேல் பதிந்திருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் புகைப்பட நூல், மனிதர்களைச் சாதி, குலம், தொழில் என்று வகைப்படுத்திக் காட்டியது. 1900 ஐ ஒட்டிப் படஅஞ்சலட்டை பரவியபோது அவ்வகைப்பாடு கடைத்தெருவுக்கு வந்தது. சென்னையில் வீலே அண்ட் கிளைன் புகைப்பட நிலையம், ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் ஆகிய நிறுவனங்கள் படஅஞ்சலட்டைகள் வெளியிட்டன. கோயில், கடற்கரை, நகரத் தெரு ஆகியவற்றோடு 'நாட்டியப் பெண்', 'தமிழ்ப் பெண்' என்ற தலைப்புகளில் பெண்களின் படங்களும் அக்கால அஞ்சலட்டைகளில் விற்பனையாயின. நகை பூண்டு, பட்டுடுத்தி, கேமராவை நேர்நோக்கி அமர்ந்திருக்கும் அப்பெண்களின் பெயர் மட்டும் பெரும்பாலும் அச்சிடப்படவில்லை. நிலையத்தின் பெயர் உண்டு; ஊரின் பெயர் உண்டு; அவள் பெயர் இல்லை.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையைச் சார்ந்த முத்துப்பழனி என்னும் கணிகை, 'ராதிகா சாந்த்வனம்' என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். அதனை 1910 இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்தார். அது ஆபாச நூல் என்று சொல்லி ஆங்கில அரசு 1911 இல் தடை விதித்தது. 1947 இல்தான் அத்தடை நீங்கியது. ஒரு பெண் தன் பெயரோடு எழுதி, இன்னொரு பெண் தன் பெயரோடு பதிப்பித்த நூல் ஆபாசமாயிற்று. அதே மரபில் வந்த பெண்களின் படங்களோ, பெயரின்றி, மன்னர் தலை பொறித்த அஞ்சல்தலை ஒட்டப்பெற்றுத் தடையின்றிக் கடல் கடந்தன. ஆகவே, அவ்வரசுக்குப் பெண்ணுடல் தடையாக இருக்கவில்லை. பெண்ணின் சொல்லே தடையாக இருந்தது எனலாம்.

கனவுக்கன்னியின் காலம்

இந்நிலையைத் திரைப்படம் ஓரளவு மாற்றியது. தஞ்சை இசைக்குடும்பத்தில் பிறந்த டி.ஆர். ராஜகுமாரி, 'கச்ச தேவயானி' (1941), 'ஹரிதாஸ்' (1944), 'சந்திரலேகா' (1948) ஆகிய படங்களால் தமிழகத்தின் கனவுக்கன்னி என்று புகழ்பெற்றார். 'பேசும் படம்', 'குண்டூசி' முதலிய இதழ்களும், கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் நடிகையரின் படங்களை ஊர்தோறும் கொண்டுசென்றன. ராஜகுமாரி பின்னர்த் தம் தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் ஆர்.ஆர். பிக்சர்சைத் தொடங்கினார், தியாகராயநகரில் தம் பெயராலேயே திரையரங்கும் கட்டினார். முன்னர் 'நாட்டியப் பெண்' என்று மட்டும் குறிக்கப்பட்ட இடத்தில் இப்போது ஒரு பெயர் ஒளிர்ந்தது. எனினும் குழு நடனத்தில் பின்வரிசையில் நின்றோருக்கு அப்பேறு கிட்டவில்லை. சேலத்தில் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அங்கே ஆடிய துணை நடிகையரில் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? இன்று அந்நிறுவனத்தின் நுழைவாயில் வளைவே எஞ்சி நிற்கிறது.

சேர்த்தவர்கள்

இத்தாள்களை மதித்தவர் மிகச் சிலர். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் அரிய நூல்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என அனைத்தையும் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. அதனை அடித்தளமாகக் கொண்டு 1994 இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பிலிம் நியூஸ் ஆனந்தன் திரைப்பட நிழற்படங்களையும் விவரங்களையும் வாழ்நாள் முழுதும் திரட்டினார். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் உள்நாட்டு, வெளிநாட்டு இதழ்களைத் தேடுவோர்க்குப் புகலிடமாய் இருந்தன. 1985 மே மாதத் தீயில் அச்சந்தை அழிந்தது.

தீயினும் கொடியது நம் தயக்கம். சில ஆண்டுகளுக்கு முன் சின்னசேலத்தில் பழைய தாள் கடை ஒன்றில் பாட்டுப் புத்தகக் கட்டு ஒன்றைக் கண்டேன். மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் நடிகையின் உருவம் மட்டும் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது. கதைச்சுருக்கமும் பாடல்களும் அப்படியே இருந்தன. யாரோ ஒருவர் அவ்வுருவத்தைப் பெட்டியிலோ சுவரிலோ போற்றி வைத்திருக்கவேண்டும். கல்லூரி ஆசிரியை இக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதா என்று தயங்கித் திரும்பினேன். மறுநாள் சென்றபோது கட்டு எடைக்குப் போய்விட்டிருந்தது. பிறரின் வெட்கத்தைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு அன்றுதான் வந்தது.

நாம் செய்யத்தக்கது

சேர்ப்பதெல்லாம் சிறப்பு என்பது என் கருத்தன்று. படத்தில் இருப்பவள் ஒருவர் வீட்டுப் பாட்டி. அவள் விருப்பத்தோடு நின்றாளா, வறுமையால் நின்றாளா என்பதைப் படம் சொல்லாது. சட்டமும் காலத்தோடு மாறிவந்துள்ளது. 1868 ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றை ஒட்டியே ஆபாசத்தை அளந்துவந்த முறையை உச்ச நீதிமன்றம் 2014 இல் கைவிட்டு, அவ்வக்கால மக்கள் மதிப்பீட்டை அளவுகோலாகக் கொண்டது. அளவுகோல் மாறும், அழிந்த தாள் திரும்பாது.

நம் வட்டம் பத்தாண்டு கண்டுள்ள இவ்வேளையில் ஒரு வேண்டுகோள். சின்னசேலம், கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை அடிவார ஊர்களில் பரண்மேல் கிடக்கும் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, புகைப்படம் ஆகியவற்றை வட்டத்தின் அலமாரியில் சேர்ப்போம். புகைப்படம் கிடைத்தால், ஊர் முதியவர்களிடம் கேட்டு, தனித்தாளில் அப்பெண்ணின் பெயரை எழுதி உடன் வைப்போம். அஞ்சலட்டையில் அமர்ந்த பெண்ணுக்கு அன்று ஒருவரும் அதைச் செய்யவில்லை. நூறாண்டு கழிந்தும் அவள் கேமராவை நோக்கியே இருக்கிறாள். அழைக்க நம்மிடம் பெயர் இல்லை.