வேலி பயிரை மேயும் வேளை

அந்திப்பொழுது. புகையிலைத் தோட்டத்திலே வேலை முடித்து, வரம்பு வழியே வீடு திரும்புகின்றான் ஒரு கமக்காரன். காலிலே சுருக்கென்று ஒரு வலி. சருகினுள் நெளிந்து மறைகின்றது ஒரு சுருட்டை விரியன். முற்காலமாயின் அவனை விஷகடிப் பரியாரியாரிடம் கொண்டு ஓடியிருப்பர். இக்காலத்தே பலரும் வைத்தியசாலையையே நாடுகின்றனர். அங்கே அவனைக் காக்க ஒரு மருந்துண்டு. ஆயின், காக்க வந்த அம்மருந்தே சிலவேளை அவன் உயிருக்கு உலைவைப்பதும் உண்டு. அவ்வாபத்தை வைத்திய உலகம் எங்ஙனம் கண்டறிந்தது, எங்ஙனம் அடக்கக் கற்றது என்பது அறியத்தக்க வரலாறாகும்.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு வைத்தியம் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே. அரசாங்க அதிபர் டைக் முன்னின்று 1850 ஆம் ஆண்டில் அமைத்த வைத்தியசாலையே இன்று போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது. அதே காலத்தில் மானிப்பாயிலே தொண்டாற்றிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவருடைய ‘இரணவைத்தியம்’ 1867 இல் வெளிவந்தது. அந்நாளிலே பாம்பு நஞ்சை முறிக்கும் ஊசிமருந்தும் இல்லை, அட்ரினலினும் இல்லை.

விஷமுறி மருந்து பிறந்தது 1894 இல். பிரெஞ்சு விஞ்ஞானி அல்பேர்ட் கல்மெற் முதலியோர் அதன் வழியைக் கண்டனர். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றினால், அதன் குருதியிலே அந்நஞ்சை எதிர்க்கும் பொருள் தோன்றும். அதனைப் பிரித்தெடுத்து மனிதனுக்கு ஏற்றுவதே முறை. நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், எட்டடி விரியன் என்னும் நான்கின் நஞ்சையும் முறிக்கவல்ல இந்திய மருந்தே இலங்கையிலே பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வந்துள்ளது. எனினும் அம்மருந்திலே இருப்பது குதிரையின் புரதம். மனித உடலுக்கோ அது அந்நியப் பொருள்.

அந்நியப் பொருளை உடல் எதிர்க்கும் விந்தையை வெளிப்படுத்தியவர்கள் பிரெஞ்சு நாட்டுச் சார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேயும் ஆவர். 1901 இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலிலே கடல்வாழ் உயிரினங்களின் நஞ்சை ஆராயத் தொடங்கிய இருவரும், கரை திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தனர். முதல் ஊசிக்குப் பிழைத்த நாய்க்குச் சில வாரங்களின் பின் மீண்டும் சிறிதளவு ஏற்றினர். அது வலிமை பெற்றிருக்குமென எதிர்பார்த்தனர். நாயோ மூச்சுத் திணறி, அரைமணி நேரத்துக்குள் இறந்தது. காவலுக்கு எதிரானது என்னும் பொருளில் ‘அனாபிலக்ஸிஸ்’ என்று 1902 இல் இதற்குப் பெயரிட்டனர். வேலி அடைத்து வாழும் யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விளக்குதல் எளிது: வேலியே பயிரை மேய்ந்தது. இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913 இல் நோபல் பரிசு பெற்றார்.

நோய்க்குப் பெயர் கிடைத்த அக்காலத்திலேயே மருந்தும் கிடைத்தது வியப்புக்குரியது. 1901 இல் யோக்கிச்சி தக்காமினே என்னும் யப்பானியர் அட்ரினலினைத் தூயநிலையிற் பிரித்தெடுத்தார். ஒவ்வாமையால் தளர்ந்த குருதிக் குழாய்களை அது இறுக்கும். வீழ்ந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சுருங்கிய மூச்சுக்குழாய்களை விரிக்கும்.

இனி அந்தக் கமக்காரனிடம் மீள்வோம். வைத்தியர் அவன் குருதியிற் சிறிது எடுத்து, கண்ணாடிக் குழாயிலே 20 நிமிடம் அசையாது வைத்துப் பார்க்கின்றார். உறைந்தால், விஷமுறி மருந்துக்கு அவசரமில்லை. அவனைக் கண்காணித்துச் சோதனையைப் பின்னும் செய்வர். உறையாவிடின், நஞ்சு குருதியிற் பரவியதென்பது தெளிவு, மருந்து ஏற்றப்படும். ஏற்றத் தொடங்கிச் சிறிது நேரத்தில் உடம்பு தடிக்கலாம், தொண்டை அடைக்கலாம், மூச்சு இழுக்கலாம், நாடி தளரலாம். முன்னொருபோதும் அம்மருந்தைக் கண்டிராத உடலிலும் இது நேரும். தோலிலே சிறிதளவு ஏற்றிச் சோதித்தால் முன்கூட்டி அறியலாமென நெடுங்காலம் நம்பினர். அந்தச் சோதனை பயன்படாதென 1986 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆகவே, அட்ரினலினை ஆயத்தமாக வைத்துக்கொண்டே விஷமுறி மருந்தை ஏற்றவேண்டும். தீய குறி தோன்றியவுடன் ஏற்றுவதை நிறுத்தி, வளர்ந்தோருக்கு அரை மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையிற் செலுத்துவர். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துவர். பிராணவாயுவும் உப்புநீரும் கொடுப்பர். நிலைமை தேறியபின், நிறுத்திய மருந்தை மெல்ல மீண்டும் ஏற்றுவர். ஏனெனில் பாம்பின் நஞ்சு இன்னும் உடலிலே இருக்கின்றது.

இத்துறையிலே இலங்கை வைத்தியர்கள் உலகுக்கே வழிகாட்டினர். 1999 இல் வெளிவந்த ஆய்விலே, 105 பேருள் ஒரு பகுதியினருக்கு முன்னதாகவே சிறிதளவு அட்ரினலின் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 11 சதவீதத்தினருக்கே ஒவ்வாமை தோன்றியது. ஏனையோருள் 43 சதவீதத்தினருக்குத் தோன்றியது. களனிப் பல்கலைக்கழகத்து அசித்த டி சில்வா முதலியோர் 1,007 நோயாளரை ஆராய்ந்து 2011 இல் முடிவை வெளியிட்டனர். நால்வருள் மூவருக்கு ஒவ்வாமை தோன்றியதையும், அதிற் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நேர்ந்ததையும் அவர்கள் கண்டனர். முன்னதாகக் கொடுத்த அட்ரினலின் கடுமையான விளைவுகளைக் குறைத்தது. வைத்தியர்கள் பெரிதும் நம்பியிருந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரொமெதசீனும் அவ்வாறு குறைக்கவில்லை.

விஷமுறி மருந்துக்கு அஞ்சி வைத்தியசாலையைத் தவிர்த்தல் ஆகாது. பாம்பு கடித்தவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, காலந்தாழ்த்தாது கொண்டு செல்லுதல் வேண்டும். முன்பு ஏதேனும் மருந்தால் உடம்பு தடித்ததுண்டா, இழுப்பு நோய் உண்டா என்பவற்றை உடன் செல்பவர் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் ஆயத்தமாக இருப்பதற்கு அந்தச் செய்தி பெரிதும் உதவும்.