நௌவாரி: புனேயின் ஒன்பது கெஜப் புடவை

நௌவாரி என்பது மராட்டியப் பெண்கள் கச்சம் வைத்துக் கட்டும் ஒன்பது கெஜப் புடவை. மராத்தியில் ‘நௌ’ என்றால் ஒன்பது, ‘வார்’ என்றால் கெஜம். நீளம் ஏறக்குறைய 8.2 மீட்டர். வீட்டுப் பேச்சில் இதற்கு ‘லுகடே’ என்று பெயர். புனே நகரத்துப் பேட்டைகளிலும் மாவள், முள்ஷி போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் சில தலைமுறைகளுக்கு முன்புவரை பெண்களின் அன்றாட உடை இதுதான்.

நௌவாரிக்கு உள்பாவாடை கிடையாது. துணியை இடுப்பில் சுற்றி முன்பக்கம் முடிச்சிட்டு, முந்தானைக்கு வேண்டிய அளவை ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ளதைக் கொசுவமாக்கிச் செருகுகிறார்கள். கொசுவத்தின் அடிப்பகுதியைக் கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னிடுப்பில் இறுகச் செருகுவதற்குக் ‘காஷ்டா’ என்று பெயர். மடிசார் பார்த்துப் பழகிய தமிழர் கண்ணுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலத்தோளில் விழும், ஐயங்கார் வீட்டில் இடத்தோளில். மராட்டியக் கட்டிலும் இடத்தோள்தான். 1670-களில் மராட்டியரான வெங்கோஜி தஞ்சையைக் கைப்பற்றியபின் அங்கே குடியேறிய மராட்டியக் குடும்பங்கள் தங்கள் கட்டும் முறையையும் உடன் கொண்டுவந்தன.

நீளம் ஒன்றே என்றாலும் எல்லாரும் ஒரே மாதிரி கட்டியதில்லை. சதாசிவப் பேட்டை பிராமண வீடுகளில் புடவை கணுக்கால்வரை இறங்கியது. வயலில் நாற்று நட்ட பெண் அதை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டினாள். லாவணி ஆட்டக்காரியின் காஷ்டா எத்தனை சுழன்றாலும் நெகிழாதபடி இறுக்கமானது. சிராவண மாதச் செவ்வாய்க்கிழமைகளில் புதுமணப் பெண்கள் மங்களகௌரி பூஜை செய்து, இரவெல்லாம் ஜிம்மாவும் புகடியும் ஆடுவார்கள். கைகோத்துச் சுற்றும் அந்த விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு, கச்சம் காலுக்குத் தரும் விடுதலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

புனே உடுத்தியதில் ஒரு பங்கு கர்நாடகத்தில் நெய்யப்பட்டது. அன்றாடத்துக்கான பருத்திப் புடவை இல்கல்லிலிருந்து வந்தது. அதன் உடலின் பாவும் பட்டு முந்தானையின் பாவும் இழை இழையாகக் கண்ணி கோத்து இணைக்கப்படும். ரவிக்கைக்கான ‘கண்’ துணி அதே பாகல்கோட் மாவட்டத்துக் குளேத்குட்டாவிலிருந்து வந்தது. திருமணத்துக்குப் பைத்தணிப் பட்டு. அதை நெய்யும் ஊர்கள் பைத்தணும் யேவ்லாவும். சங்கராந்திக்கு மட்டும் ‘சந்திரகளா’ என்னும் கறுப்புப் புடவை. மற்ற மங்கல நாட்களில் ஒதுக்கப்படும் கறுப்பை, குளிருக்குக் கதகதப்பு என்று அன்று விரும்பி உடுத்துகிறார்கள். கூடவே மூக்கில் முத்து ‘நத்’, கழுத்தில் ‘துஷி’, நெற்றியில் பிறைப் பொட்டு.

இந்த உடையின் வரலாற்றில் அலங்காரத்தைவிடக் கனமான பக்கங்கள் உண்டு. 1848-ல் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே, வழியில் சேறும் சாணமும் வீசப்படுவதால் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துப் போவார். புனேயில் நௌவாரியின் நினைவாக ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் அந்த மாற்றுப் புடவையைத்தான் சொல்வேன். பிராமண விதவைகளுக்கு விதிக்கப்பட்டது ‘ஆல்வண்’ என்ற முரட்டுச் சிவப்புத் துணி. தலையை மழித்து, ரவிக்கை இல்லாமல் அதை மட்டும் சுற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் நார்மடி செய்த வேலையை அங்கே ஆல்வண் செய்தது. சீர்திருத்தவாதி தோண்டோ கேசவ் கார்வே 1893-ல் ஒரு விதவையை மணந்து, 1896-ல் விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கி, 1900-ல் அதை நகருக்கு வெளியே ஹிங்கணேக்கு மாற்றினார். அங்கே படிக்க வந்த பெண்களின் வாழ்வில்தான் அந்தச் சிவப்பின் பிடி மெல்ல விட்டது.

பள்ளியும் அலுவலகமும் பெண்களுக்குத் திறந்தபோது ஐந்து, ஆறு கெஜப் புடவைகள் பரவின. நௌவாரி பாட்டிமாருக்கும் பண்டிகைக்கும் ஒதுங்கியது. இன்று லட்சுமி சாலையிலும் துளசிபாகிலும் கால்சட்டைபோல மாட்டிக்கொள்ளும்படி தைத்த நௌவாரி விற்கிறார்கள். மராட்டியப் புத்தாண்டான குடீபாட்வா ஊர்வலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளம்பெண்கள் அணிவது பெரும்பாலும் அதைத்தான். கட்டத் தெரியாதவரும் உடுத்த முடிவது நல்லதே. ஆனால் தைத்த துணி ஒரே கட்டுக்குத்தான் ஆகும். தைக்காத ஒன்பது கெஜமோ களத்துக்கு ஒரு விதமாகவும் பூஜைக்கு ஒரு விதமாகவும் வளைந்துகொடுத்தது.

தைக்காத லுகடேயைக் கூட்டங்கூட்டமாகப் பார்க்க ஆனி மாத வாக்கில் புனேக்குப் போக வேண்டும். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹூவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரம் போகும் வழியில் நகரில் இரண்டு இரவு தங்கும். ஒன்று பவானி பேட்டையில், மற்றது நானா பேட்டையில். உடன் நடந்து வரும் கிராமத்துப் பெண்கள் தலையில் துளசி மாடம் ஏந்தி, காஷ்டாவை முழங்கால்வரை ஏற்றிச் செருகி, மழைச் சேற்றில் நடக்கிறார்கள்.