பள்ளிக்குள் போன பாட்டும் வாசலில் நின்ற பறையும்

கிறிஸ்தவப் பள்ளிகளின் இசை வரலாற்றைப் பேசுகிறவர்கள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடமிருந்து (1774–1864) தொடங்குவார்கள். அவருடைய கீர்த்தனைகளின் செழுமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1829 வாக்கில், தஞ்சைத் திருச்சபையில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார வேண்டும், ஒன்றாகத் திருவிருந்து எடுக்க வேண்டும் என்று மிஷனரிகள் வற்புறுத்தியபோது அதை எதிர்த்து எழுதியவரும் அவர்தான். இந்தச் செய்தியை விழா மலர்களில் தேடாதீர்கள்.

1853இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் வெளியிட்ட பாடல் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. அன்று பல கிராமங்களில் உபதேசியாரும் வாத்தியாரும் ஒரே ஆள். ஒரு வாத்தியாரிடம் இன்னொரு வாத்தியார் பாடம் கேட்டு, சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியர்களுக்குள் உறவு வளர்ந்தது உண்மை. ஆனால் அது ஒருவழிப் பாதை. கீர்த்தனை சேரிக்கு வந்தது; சேரியின் பாட்டு பள்ளிக்குப் போகவில்லை. பறை வாசலிலேயே நின்றது. நம் முன்னோரில் பலர் தாங்களாகவே பறையை விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரார் வீட்டு இழவுக்குக் கட்டாயமாக அடித்த கருவியைக் கீழே வைத்ததுதான் அவர்களுக்கு விடுதலை. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

அதே மதுரையில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், இந்தப் பாதையைத் திருப்பியவர் தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கு அவர் ‘பரட்டை’ அண்ணன். போதகராகப் போகிறவர்களுக்குத் தெம்மாங்கும் ஒப்பாரியும் பறையும் இறையியல் பாடம் என்றார். வழிபாடு முழுவதையும் கிராமிய இசையில் அமைத்தார். பாடுகிற மக்கள் வரிகளை மாற்றிக்கொள்ளலாம், பாட்டு அவர்களுடையது என்பது அவர் நிலை. கீர்த்தனையில் ஓர் எழுத்தை மாற்றினால் முகம் சுளிக்கிற சபைக்கு இது பெரிய அடி. எல்லோரும் ஒரே உலையில் சமைத்து உண்பதைத் திருவிருந்தோடு சேர்த்துப் பேசினார். 1829இல் தஞ்சையில் மறுக்கப்பட்டது இதுதானே!

2005இல் அவர் இறந்தார். அவரைப் பற்றிய விரிவான ஆய்வு நூலை 2014இல் எழுதியவர் ஓர் அமெரிக்க இசையியலாளர், ஸோயி ஷெரினியன். நம் பல்கலைக்கழகங்களை என்ன சொல்வது?

கிறிஸ்தவப் பள்ளிகளின் இசை ஆசிரியர்கள் இன்றும் பயிற்சிகளில் கூடுகிறார்கள். கீபோர்டு, பாடகர் குழு, கிறிஸ்துமஸ் கேரல். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பறை ஆசானைக் கூப்பிடுங்கள். வரவேற்பு ஊர்வலத்தில் அடிப்பதற்கு அல்ல. மேடையில் உட்கார்ந்து பாடம் எடுக்க. மற்ற பயிற்றுநர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள்.