தாராவிக் குப்பைமேடும் ஹோவர்டின் வேர் ஆராய்ச்சியும்

பம்பாயின் சரித்திரத்தை எழுதியவர்கள் கோட்டையையும் துறைமுகத்தையும் பஞ்சாலைகளையும் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அந்த மாநகரம் நாள்தோறும் கழித்துப்போட்ட குப்பை எங்கே போயிற்று, அதன்மேல் என்ன முளைத்தது என்பதை எழுதியவர்கள் சிலரே. மாஹிம் கழிமுகத்தின் ஓரத்தில், தாராவியை ஒட்டி, 1977 வரை குப்பை கொட்டப்பட்டுவந்த 37 ஏக்கர் நிலம், இன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்னும் பெயருடன் அடர்ந்த சோலையாக நிற்கிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1983-இல் அங்கே மரக்கன்று நட்டார். 1994 ஏப்ரல் 22 அன்று பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கழிவு மண்ணாவதும், மண் மரமாவதும் எவ்வாறு என்னும் கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையான ஒருவர், தம் ஆயுளின் சிறந்த பகுதியை நம் நாட்டிலேயே கழித்தவர்.

1905-ஆம் ஆண்டு பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியல் நிபுணராக வந்த ஆல்பர்ட் ஹோவர்டு, தம் மனைவி காப்ரியேலுடன் சேர்ந்து கோதுமை ரகங்களை மேம்படுத்திப் பிரசித்தி பெற்றார். ஆயினும் பயிரின் க்ஷேமம் கண்ணுக்குப் புலப்படும் தண்டிலும் கதிரிலும் அன்றி, மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேரிலேயே நிர்ணயமாகிறது என்னும் எண்ணம் அவரை விடாமல் பற்றிக்கொண்டது. பழமரங்களின் அடியில் புல்லை வளரவிட்டும், அகற்றியும், பின்னர் மண்ணைத் தோண்டி வேர்களின் போக்கைப் பார்த்தும், காற்றோட்டமே வேருக்குப் பிராணன் என்று அவர் கண்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய காலத்தில், சீனக் குடியானவர்களின் நெடுநாள் வழக்கத்தைத் தம் சோதனைகளோடு இணைத்து, பயிர்க்கழிவையும் சாணத்தையும் கோமியம் ஊறிய மண்ணையும் சாம்பலையும் அடுக்கி, ஈரம் காத்து, உரிய காலத்தில் புரட்டிவிட்டு, சுமார் 3 மாதத்தில் மக்கு எருவாக்கும் இந்தூர் முறையை வகுத்தார்.

அந்த எரு பயிருக்கு ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது என்னும் விசாரணைதான் அவரை வேர் உட்பூசணத்திடம் கொண்டுசேர்த்தது. வேருக்கும் பூசணத்துக்கும் இடையே நிலவும் இந்த உறவை 1885-இல் பெர்லின் தாவரவியலாளர் ஃபிராங்க் விளக்கிப் பெயரிட்டிருந்தார். இங்கிலாந்தில் ரேனர் அம்மையார் பைன் மரக்கன்றுகளில் அதை ஆராய்ந்துவந்தார். 1937-38 குளிர்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப்பார்த்த ஹோவர்டு, மக்கு எரு பெற்ற செடிகளின் வேர்களில் பூசண இழைகள் செழித்திருப்பது மண்ணின் ஆரோக்கியத்துக்கே அடையாளம் என்று நிச்சயித்து, 1940-இல் வெளியிட்ட தம் விவசாய நூலில் அதை அழுத்தமாக எடுத்துரைத்தார். வேர் அந்தப் பூசணத்தை ஜீரணித்துப் புரதம் பெறுகிறது என்ற அவருடைய விளக்கத்தைப் பிற்கால ஆராய்ச்சி ஏற்கவில்லை. ஆனால் அவர் முக்கியமென்று சொன்ன உறவு மேலும் உறுதிப்பட்டது. மண்ணில் எளிதில் நகராத மணிச்சத்தை, வேர்த்தூவிகளினும் மெல்லிய இழைகள் வேருக்கு எட்டாத இடத்திலிருந்து கொணர்ந்து தருகின்றன. பிரதியாகச் செடி, இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்படிவங்களிலேயே காணப்படும் இந்தக் கொடுக்கல் வாங்கல், வேம் என்னும் பூசண உரமாக இன்று தமிழ்நாட்டு உழவர்களின் நாற்றங்காலிலும் இடம்பெற்றிருக்கிறது.

ஹோவர்டு கிராமத்துக்குச் சொன்னதை நகரத்துக்குப் பொருத்தியவர் ஆசார்யா. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1939-இல் அவர் வகுத்த முறையில், நகரக் குப்பையும் மனிதக் கழிவும் பள்ளங்களில் அடுக்கடுக்காக இடப்பட்டு, மண்ணால் மூடப்பட்டு, சில மாதங்களில் எருவாயின. பம்பாய்க்கு வழி தெரியாமல் இல்லை, நடந்ததோ வேறு. செம்பூருக்கு அருகே 1927 முதல் தேவ்நாரில் குவிந்த குப்பை மலையாக வளர்ந்தது; அதன் வயிற்றில் காற்றின்றி அழுகிய பொருள்கள் மீத்தேன் வாயுவை ஈன்றன; 2016 ஜனவரியில் அங்கே மூண்ட நெருப்பின் புகை நகரத்தைப் பல நாள் சூழ்ந்தது. எருவாகி வேருக்கு உணவாக வேண்டியது, குழந்தைகளின் மூச்சை அடைக்கும் நஞ்சாயிற்று.

ஒரே நகரத்தின் ஒரே கழிவு, ஓரிடத்தில் சோலையைத் தாங்குகிறது, மற்றோரிடத்தில் தீயாக எரிகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மனிதரின் சங்கல்பமே. மாதுங்காப் பூக்கடைகளின் வாடிய மாலைகளும், உணவு விடுதிகளின் வாழையிலைகளும், காய்கறிச் சந்தையின் கழிவுகளும் எங்கோ ஒரு வயல் தந்தவை. அவற்றை வட்டாரந்தோறும் பிரித்து, மக்க வைத்து, மண்ணுக்குத் திருப்பித் தருவது துப்புரவு இலாகாவின் வேலை மாத்திரமன்று. உண்டவர் ஒவ்வொருவரும் நிலத்துக்குப் பட்ட கடன். ஹோவர்டின் ஆராய்ச்சியும் தாராவிப் பூங்காவும் சேர்ந்து நிரூபிப்பது, அந்தக் கடன் தீர்க்கக்கூடியதே என்பதைத்தான்.