சுகாதார விஞ்ஞான ஆசிரியரின் தொழிற்சோர்வு

வைத்தியம், தாதியியல் முதலிய துறைகளில் நோயாளியைக் கவனிப்பதும் மாணாக்கருக்குப் போதிப்பதும் ஆராய்ச்சிக்கு நிதி தேடுவதுமாகிய மும்முகக் கடமையை நெடுங்காலம் சுமக்கும் பல்கலைக்கழக ஆசிரியரிடம் காணப்படும் உற்சாகநாசமும் மனக்கசப்பும் தொழிற்சோர்வு எனப்படும். 1974-இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் இதனை விவரித்தார். 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதனை வியாதியென்னாது தொழில்சார் நிகழ்வென வகுத்தது.

இதற்கு ஆதாரமான அழுத்தக் கொள்கை, கனடாவின் மான்ட்ரியல் தீவில் உதயமாயிற்று. மக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிர், காயம், நச்சு எனப் பலவாறு வருத்திப் பார்த்தபோது, வருத்தம் எதுவாயினும் அட்ரினல் சுரப்பி பருப்பதும் தைமஸ் சுருங்குவதும் இரைப்பை புண்படுவதும் ஒன்றுபோலவே நிகழக் கண்டு, எச்சரிக்கை, எதிர்ப்பு, களைத்தோய்தல் என்னும் மூன்று படிகளை 1936-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார். 1945-இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகம் சேர்ந்த அவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதியவர். ஓய்வைப்பற்றி உபதேசிக்க அவருக்கிருந்த அதிகாரம் சற்றே ஐயத்துக்குரியதுதான்.

கனடிய வைத்திய சங்கத்தின் ஆய்வில், மிகுந்த தொழிற்சோர்வைத் தெரிவித்த வைத்தியர் 2017-இல் 30 விழுக்காடு, 2021-இல் 53. இவர்களுள் ஆசிரியரும் அடங்குவர். பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப ஊதியம் பெறுபவர், கட்டிலருகே நின்று மாணவனொருவனுக்கு இதயவொலியைக் கேட்கக் கற்பிக்கும் கால்மணி நேரம் அவருடைய வருமானத்திலிருந்தே கழிகிறது. பதவி உயர்வோ பெரும்பாலும் பிரசுரங்களை நோக்கியே அளிக்கப்படுகிறது. ஆதலின் தியான வகுப்புகளைக்காட்டிலும் கடமைப் பங்கீட்டைத் திருத்துவதே தக்க பரிகாரமாகும்.